பிரௌசிங் சென்டரில் ஊர் பார்த்தோம்

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் ஊர் பார்க்கப் போவார்கள். மாப்பிள்ளையைப் பார்ப்பது வேறு, அது பிறகு. முதலில் ஊர். இரண்டு மூன்று ஆண்கள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போவார்கள். யாராவது கேட்டால் மாடு வாங்க வந்தோம், தென்னங்கன்று விசாரிக்க வந்தோம் என்று சமாளிப்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். கட்டுத்தரையில் மாடு எலும்பும் தோலுமாக நின்றால் அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. வாயில்லாத ஜீவனுக்கே ஒழுங்காகத் தீனி போடாதவன், வந்த பெண்ணுக்கு என்ன போடுவான் என்பது அவர்கள் நியாயம்.

எங்கள் குடும்பத்தில் இந்த வேலை என் தாய்மாமனுடையது. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குத் தவறாமல் போவார். மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கும் அதே கண்ணோடுதான் மனிதர்களையும் பார்ப்பார். அவர் வேண்டாம் என்று சொன்ன வீட்டில் எங்கள் ஆட்கள் யாரும் கை நனைத்ததில்லை.

1999இல் அவர் எனக்காக ஓர் ஊர் பார்க்க வந்தார். கல்யாணத்துக்காக அல்ல, என் வேலைக்காக. ஊர் இருந்தது ஜெர்மனியில். பார்த்தது சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், பிளைவுட் தட்டி அடித்த ஒரு பிரௌசிங் சென்டரில்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நூல் நூற்கும் மெஷின் செய்கிற ஒரு கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் இருந்தேன். கம்பெனிக்குக் கிழக்கு ஜெர்மனியில் ஒரு கூட்டாளி ஆலை உண்டு. வருடத்துக்கு ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்புவார்கள். அதற்கு ஒரு பரீட்சை. அந்த வருடம் முதல் மதிப்பெண் எனக்கு. அதுவரை போனவர்கள் எல்லாரும் ஆண்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வாழ்த்தினார், இனிப்பு கொடுத்தார், கடைசியில், "மாசக் கடைசிக்குள்ள அப்பாகிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வந்துருங்கம்மா" என்றார்.

"முன்னாடி போனவங்ககிட்டயும் அப்பா கடிதம் வாங்கினீங்களா சார்?"

"அவங்கெல்லாம் பசங்கம்மா."

நான் இனிப்பை மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். பட்டியலில் எனக்கு அடுத்தபடி இருந்தவர் என் பக்கத்து மேஜைக்காரர். ஒரே ஷாஃப்ட்டை மூன்று தடவை அளந்து மூன்று அளவு சொல்லும் புண்ணியவான். நான் கடிதம் கொண்டுவராவிட்டால் அவர் விமானம் ஏறுவார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா சிங்காநல்லூரில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்திப் பேச மாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் கையில் இருந்த பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார்.

"முன்னப்பின்ன தெரியாத ஊரு கண்ணு. எப்பிடி அனுப்பறது? பாக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். சைக்கிள் கேட்டபோதும் பாக்கலாம்தான், பாலிடெக்னிக் போகிறேன் என்றபோதும் பாக்கலாம்தான். சைக்கிளுக்கு ஒன்றரை வருடம் போராடினேன். பாலிடெக்னிக்குக்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இந்தத் தடவை கையில் இருந்தது இருபத்தாறு நாள். பட்டினி கிடக்க நேரமில்லை. தெரியாத ஊர் என்பதுதானே தடை? அப்படியென்றால் அந்த ஊரைத் தெரிந்த ஊராக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பிரௌசிங் சென்டர் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. நடத்தியவர் கோட்டைமேட்டுக்காரர். டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர், முந்தின வருடம் நம் ஊரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு கடையை மூடிவிட்டு இங்கே வந்து நான்கு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். லைன் கிடைக்க மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தும், பிறகு கரகரக்கும், பிறகு அறுந்துபோகும். அண்ணன் பொறுமையாக மறுபடி டயல் செய்வார்.

அந்த ஊரின் பெயரைத் தட்டித் தேடினேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படக் கூடாது. முதலில் வந்ததெல்லாம் ஹோட்டல் விளம்பரம். மூன்றாவது நாள் ஒரு பக்கம் கிடைத்தது. சாம்பல் நிறப் பின்னணி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு போட்டோ. கீழே தேதியும் நேரமும், ஜெர்மனில் இரண்டு வரி. எடுத்தவர் பெயர் இல்லை, மெயில் விலாசம் மட்டும் இருந்தது. அந்த ஊரில் குடியிருக்கும் யாரோ ஒருவர், ஞாயிறு காலையில் கேமராவோடு தெருவில் இறங்கி, கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு இதற்கு போட்டோ பிளாக் என்று பெயர், ஊர் சுற்றப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் புரட்டுகிறார்கள். அன்றைக்கு அதற்குப் பெயரும் கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது.

ஒரு படம் முழுதாக வர நான்கைந்து நிமிடம் ஆகும். மேலிருந்து கீழே இறங்கும். முதலில் வானம், பிறகு கூரை, பிறகு ஜன்னல், கடைசியாகத்தான் தெரு. பாதியில் லைன் போனால் கூரையோடு நின்றுவிடும். நான் அசரவில்லை. தினமும் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். அறுபது படங்களுக்கு மேல் இருந்தன. ஒன்று விடாமல் பார்த்தேன்.

பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரு பொருளை மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து வரைவதுதான் என் பிழைப்பு. ஒரு சர்ச் கோபுரம் நிறையப் படங்களில் வந்தது. எல்லாம் காலையில் எடுத்தவை, ஆகவே நிழல் விழும் பக்கம் மேற்கு. இவ்வளவு போதும். டிராம் தண்டவாளம் எங்கே வளைகிறது, பாலம் கோபுரத்துக்கு எந்தப் பக்கம், ரொட்டிக்கடை எந்த முக்கில் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஆபீஸ் டிரேசிங் தாளில் ஸ்கேல் வைத்து ஊர் மேப்பை வரைந்தேன். பத்தாம் நாள் ரயில் நிலையத்தில் இறங்கி நான் தங்கப்போகும் விடுதிவரை கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்துவிடுவேன் என்ற தைரியம் வந்துவிட்டது. சொந்தக் கோயமுத்தூரில் எனக்குத் தெரியாத தெருக்கள் அதைவிட அதிகம்.

மேப்பை அப்பா முன்னால் விரித்தேன்.

"தெரியாத ஊருன்னுதானுங்கப்பா சொன்னீங்க? இதா, இதுதான் ஊரு. பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி ஊர் பாக்கறோமல்லங், அதே மாதிரி வாங்க. வந்து பாத்துப்போட்டு, புடிக்கலீன்னா சொல்லுங்க."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நான் போட்ட கோடுகளையெல்லாம் ஃபிட்டர் கண்ணோடு பார்த்தார். ஸ்கேல் சரியாக இருக்கிறதா என்று விரலால் அளந்துகூடப் பார்த்தார்.

"அப்ப உங்க மாமனையும் வரச் சொல்லோணும்" என்றார்.

அன்று சாயங்காலமே உடுமலைக்கு போன் போனது.

மாமன் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சம்பந்தம் பார்க்கப் போகிற அதே கோலம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் நுழைந்தவர் நான்கு மூலையையும் ஒருமுறை பார்த்தார். இரண்டு பேர் உட்காரும் தடுப்புக்குள் மாமனும் அப்பாவும் உட்கார, நான் நின்றேன். அண்ணன் எங்களுக்காக லைனை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்.

நான் புத்திசாலித்தனமாகப் பத்துப் படங்களைப் பொறுக்கி வைத்திருந்தேன். ஆற்றங்கரையில் பூத்த மரங்கள், சர்ச் கோபுரம், கடிகாரம் வைத்த முனிசிபல் கட்டடம், பளபளவென்று ஒரு டிராம். தரகர் மாப்பிள்ளை போட்டோவை நீட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது ஆறு, வருஷம் முழுக்கத் தண்ணி போகுது. இது பஸ் மாதிரி, கரெண்டுல ஓடும். இந்த ரோட்டுல நேரா நடந்தா என் விடுதி.

மாமன் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார். பத்தாவது படம் முடிந்ததும் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் நெம்ப நல்லாத்தான் இருக்குது. நீ காட்டறதப் பாக்கறதுக்கு நான் எதுக்கு அம்மணி, உடுமலையில இருந்து பஸ் ஏறி வரோணும்? நீ காட்டாதது எங்க?"

"என்னங்க மாமா?"

"மாட்டுக்காரன் மாட்டோட நல்ல பக்கத்தத்தான் நம்ம பக்கம் திருப்பி நிறுத்துவான். நாமதான் சுத்தி வந்து அந்தப் பக்கம் பாக்கோணும்." அண்ணனைப் பார்த்துத் திரும்பினார். "ஏனுங் தம்பி, மிச்சத்தையும் காட்டுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். வானம் இறங்கியது, கூரை இறங்கியது. மாமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். நடுவில் இருந்த கோபுரத்தையும் சிலையையும் அவர் சட்டை செய்யவே இல்லை. ஓரத்தை மட்டும் பார்த்தார்.

"இது என்ன கெழமையில எடுத்தது?"

"எல்லாமே ஞாயித்துக்கிழமைங்க மாமா. காலையில."

"ஞாயித்துக்கிழமை காலையில ரோட்டுல ஒரு சனம் காணம். கறி எடுக்கக்கூடவா ஒருத்தனும் வெளிய வரமாட்டான்?"

அப்பாவும் அதை யோசிப்பது தெரிந்தது. அந்த நேரத்தில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் இருபது பேராவது தூக்குப்போசியோடு நின்றிருப்பார்கள்.

"அது அவிய பழக்கமா இருக்கும்ங்க மாமா. லேட்டா எந்திரிப்பாங்க."

"செரி, எந்திரிக்கறவன் லேட்டாவே எந்திரிக்கட்டும். இந்தா, இந்த ஊட்டப் பாரு. மூணு மாடி. ஜன்னல எண்ணு. கீழ ரெண்டு ஜன்னல்ல துணி தொங்குது, பூத்தொட்டி இருக்குது. மேல எட்டு ஜன்னல்லயும் ஒண்ணுமே இல்ல. வெறும் கண்ணாடி. துணி கட்டாத ஜன்னலுக்குள்ள யாரு குடியிருப்பா?"

நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அடுத்த படத்தில் பின்னால் தெரிந்த புகைபோக்கியைக் காட்டினார். புகை இல்லை. அதற்கடுத்ததில் ஒரு மில் கேட்டுக்குள் போகும் தண்டவாளம், அதன்மேல் முழங்கால் உயரப் புல்.

"தண்டவாளத்துல புல்லு மொளைக்கோணும்னா எத்தன வருஷமா சக்கரம் உருளாம இருக்கோணும்? மில்லு மூடிக் கெடக்குது மாப்ள." அப்பாவைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். "ஊரு காலியாயிட்டிருக்குது."

அப்பாவின் முகம் மாறியது. "ஏதாச்சும் கலவரம் கிலவரமா இருக்குமாங் மச்சான்?"

அதுவரை வாயே திறக்காமல் நின்ற அண்ணன் மெதுவாகச் சொன்னார். "கலவரம்னு சொல்ல முடியாதுங்க. போன வருஷம் பேப்பர்ல நம்ம ஊர் போட்டோ வந்துச்சில்லைங்க, அத மட்டும் பாத்தவன் கோயமுத்தூருக்குப் பொண்ண அனுப்புவானுங்களா? நாம இங்கதான இருக்கறோம்."

மாமன் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் பேச்சில் இருந்த நியாயத்தை ஒப்புக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கெட்ட ஊருன்னு நான் சொல்லலீங்க தம்பி. ஆளு இல்லாத ஊருங்கறேன். ஒறம்பரை சொந்தம்னு ஒருத்தரும் இல்ல, கூப்புட்டா ஏனுன்னு கேக்க ஆளில்ல. அங்க இந்தப் புள்ள ஆறு மாசம் தனியா எப்பிடி இருக்கும்? எனக்கு ஒப்பலீங் மாப்ள."

படி இறங்கும்போது நான் அவரோடு சண்டை போட்டேன். மாடு பார்ப்பதும் ஊர் பார்ப்பதும் ஒன்றா, ஜன்னலுக்குத் துணி கட்டாவிட்டால் ஊரே நாசமா, பரீட்சை எழுதியது நானா ஜன்னலா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். மாமன் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் ஏறும்போது, "கண்ணு, நான் சொன்னது தப்புன்னா நெரூபி. நானே வந்து ஏத்தி உடறேன்" என்றார்.

நிரூபிக்கத்தான் மறுநாள் போனேன். அறுபது படத்தையும் மறுபடி திறந்து ஜன்னல்களை எண்ணினேன். எண்ண எண்ண எனக்கே அவமானமாக இருந்தது. பாதிக்கு மேல் வெறும் கண்ணாடி. சில வீடுகளில் கதவுக்குப் பலகை அடித்திருந்தது. எந்தச் சுவர் எந்தச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டு வரைந்த நான், அந்தச் சுவருக்குள் ஆள் இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. போக வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்குப் போகக் கூடாத காரணம் கண்ணில் படுமா? படவில்லை.

ஆனால் அதற்காக அந்தப் பக்கத்து மேஜைக்காரரை விமானம் ஏற்றிவிட முடியுமா? என்னைவிட அந்த ஊரை அவருக்கு என்ன தெரியும்? போவது என்று முடிவெடுத்தாயிற்று. ஆளில்லாத ஊர் என்றால் ஆளில்லாத ஊருக்குப் போவோம். ஆனால் நிஜம் தெரிந்துகொண்டு போவோம். அந்தப் பக்கத்தின் கீழே இருந்த விலாசத்துக்கு என் இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதினேன். நான் யார், எதற்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, என் மாமா உங்கள் ஜன்னல்களை எண்ணினார் என்று எழுதினேன். உங்கள் ஊரிலிருந்து எல்லாரும் போகிறார்களா? ஏன்? தனியாக ஒரு பெண் ஆறு மாதம் இருக்கலாமா? எழுதி அனுப்பிய பிறகுதான், முன்பின் தெரியாதவரிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று கூச்சம் வந்தது.

ஒன்பது நாள் பதில் இல்லை. தினமும் போய்த் திறந்து பார்த்தேன். உள்ளே நுழையும்போதே அண்ணன் உதட்டைப் பிதுக்கிக் காட்டுவார். பத்தாம் நாள் உதட்டைப் பிதுக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார். மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது.

நீளமான கடிதம். அகராதியை வைத்துக்கொண்டு எழுதிய இங்கிலீஷ், என்னுடையதுபோலவே. எழுதியவர் ஒரு பெண். அதுவரை நாங்கள் எல்லாரும் ஆண் என்றே நினைத்திருந்தோம். மாமன் சொன்ன ஒவ்வொன்றும் அதில் எழுதியிருந்தது.

இதை வீட்டில் காட்டினால் கதை முடிந்தது. காட்டாமல் இருக்கலாம். அல்லது படிக்கும்போது மாற்றிப் படிக்கலாம். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஊர் நன்றாக இருக்கிறது, ஜனங்கள் ஊருக்கு வெளியே புது வீடு கட்டிப் போயிருக்கிறார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று அடித்துத் தள்ளிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மனத்துக்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பெண் என்னிடம் பொய் சொல்லவில்லை. எனக்கு அந்த எரிச்சல்தான் தாங்கவில்லை. அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் நானும் நிம்மதியாகச் சொல்லியிருப்பேன்.

அந்த ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று வீட்டில் சொன்னேன், அப்பா போன் செய்ததும் மறுநாள் சாயங்காலம் மாமன் வந்துவிட்டார். அப்பா, அம்மா, மாமன் மூவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"உங்கள் மாமா சரியாகப் பார்த்திருக்கிறார். நான் இருக்கிற கட்டடத்தில் பத்து வீடு, நாலில்தான் ஆள் இருக்கிறார்கள். ஆலைகள் மூடிவிட்டன. நானும் இருபது வருடம் மெஷின் ஆலையில் வேலை செய்தவள். இப்போது நூலகத்தில் அரைநாள் வேலை. இந்தப் பக்கத்தை அங்கேதான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடை திறப்பதில்லை, அதனால் தெரு காலியாக இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது."

மாமன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தாமல் படித்தேன்.

"நீங்கள் வரும் ஆலை ஓடுகிறது. உங்கள் விடுதி இருக்கும் தெருவில் விளக்கு எரிகிறது. உங்களுக்கு ஆபத்து எதுவும் வராது என்று நினைக்கிறேன். தனிமைதான். அது இல்லை என்று நான் சொன்னால் பொய்யாகிவிடும்."

அம்மா, "அரிசி கெடைக்குமான்னு கேட்டயா?" என்றார். கேட்கவில்லை என்றேன்.

கடைசிப் பத்தி மட்டும் பாக்கி. அதற்கும் என் கேள்விகளுக்கும் சம்பந்தமில்லை. விட்டுவிடலாம்தான். ஆரம்பித்ததை முழுதாகப் படித்துவிடுவோம் என்று படித்தேன்.

"எனக்கு உங்கள் வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலைக்காக மேற்கே போய்விட்டாள். அவள் பெட்டி கட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். எந்த ஊர் என்பதே ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் பார்ப்பாள் என்றுதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு படம் போடுகிறேன். பார்க்கிறாளா என்று தெரியாது. இதுவரை இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்."

தாளை மடித்தேன். மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நானும் நாப்பது வருஷமா ஊர் பாக்கறனுங் மாப்ள. எங்க கெணத்துல தண்ணி இல்லீங்கன்னு தானா வந்து சொன்ன ஆள இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊரு விசயத்துல நான் சொன்னது சொன்னதுதான். அதுக்கு மேல நீங்க பொண்ணப் பெத்தவிய. நீங்க சொல்லோணும்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். இவர் இப்போது 'பாக்கலாம்' என்று சொன்னால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். கடிதம் இல்லாமலே நாளை மேனேஜர் முன்னால் போய் நிற்பது, நான் மேஜர், எனக்கு நானே சம்மதம் என்று எழுதிக் கொடுப்பது. வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன.

அப்பா கேட்டது வேறு. "அந்தப் புள்ள பாக்குதா இல்லயான்னே தெரியாதாமா?"

"தெரியாதுன்னுதான் எழுதியிருக்காங்கப்பா."

"நான் அந்தியூர்ல இருந்து வந்தது உனக்குத் தெரியுமில்ல?"

"மில் வேலைக்கு வந்தீங்கன்னு தெரியும்ங்க."

"பண்ணையத்த உட்டுப்போட்டு மில்லுக்குப் போறேன்னா எங்கப்பன் உடமாட்டாரு. அதனால சொல்லல. சந்தைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லீட்டு பஸ் ஏறீட்டேன். பத்தொம்பது வயசு. மூணு மாசம் கழிச்சுத்தான் கடுதாசி போட்டேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரும் இதைக் கேள்விப்பட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அவரு என்னுங்க சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணுமே சொல்லல. பொறவு போக வர இருந்தோம், நோம்பி பண்டிகைக்குப் போவேன், பேசுவாரு. ஆனா அந்த ஊரு எப்பிடி, என்ன வேல செய்யறே, எங்க தங்கியிருக்கறேன்னு சாகற வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. நானும் ஒருக்கா வாங்கப்பா, வந்து பாருங்கன்னு கூப்புடல. சிங்காநல்லூரப் பாக்காமயே போய்ச் சேந்துட்டாரு." அப்பாவின் குரல் உடைந்தது. எங்கள் முன்னால் அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "நீ என்னக் கூட்டீட்டுப் போயி ஜன்னல் மொதக்கொண்டு காட்டீட்ட. அதுல இருக்கற குத்தத்தையும் நீயே படிச்சுக் காட்டீட்ட. இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கறது?"

பேப்பரும் பேனாவும் கேட்டார். மேனேஜர் தமிழில் டைப் அடித்துக் கொடுத்திருந்த தாளை எடுத்து வந்தேன். 'என் மகளை ஆறு மாத காலம் வெளிநாட்டுக்கு அனுப்பி வைக்க எனக்குப் பூரண சம்மதம்' என்று அதில் இருந்தது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அப்பா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், மில் லாக் புத்தகத்தில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக அவரே எழுதினார்.

அதை அப்படியே கொண்டுபோய் மேனேஜரிடம் நீட்டினேன். இதென்னம்மா, பின்பக்கம் எழுதியிருக்காரு என்றார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வேறு கடிதம் கேட்கவில்லை.

அப்பா எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நான் யாரையும் அனுப்பவில்லை. என் மகள் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாள்.'